சிறையிலிருந்து வென்ற வேட்பாளர்: கருத்துரிமைப் பாடத்துக்கு உதவும் ஒரு வாழ்க்கை வரலாறு

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்தை நடத்தும்போது அமெரிக்கப் புரட்சியை நாம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சொல்லி முடிக்கிறோம். தேயிலை விருந்து, விடுதலைப் பிரகடனம், யார்க்டவுன் சரணடைவு, அரசியலமைப்பு, உரிமைகள். மாணவர்களும் அதே வரிசையில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். குடிமையியல் பகுதிக்கு வந்தால் பேச்சுரிமை, எழுத்துரிமை, வாக்குரிமை என்று மறுபடியும் ஒரு பட்டியல். உரிமை என்றாலே மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு பட்டியல்தான் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் படிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தின் முடிவில் நான் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகிறேன்: “அரசியலமைப்பில் எழுதி வைத்துவிட்டால் உரிமை கிடைத்துவிடுமா?” வகுப்பில் பெரும்பாலோர் “கிடைத்துவிடும்” என்பார்கள். அதன்பின் மாத்யூ லயன் என்பவரின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவேன். புகழ்பெற்ற தலைவர்களின் வரிசையில் அவர் இல்லை. வாஷிங்டன், ஜெபர்சன் பெயர்களை அறிந்த பிள்ளைகள் இவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு இவர் வாழ்க்கையைவிடத் தெளிவான விடை எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. மூன்று பாடவேளைகளில் இதை எப்படி நடத்தலாம் என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதல் பாடவேளை: காளைகளுக்கு ஈடாகக் கைமாறிய சிறுவன்

லயன் 1749-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். பதினைந்து வயது வாக்கில் கப்பலேறி அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதிக்கு வந்தார். கையில் பணம் இல்லை. கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் ஒருவரிடம் உழைத்துக் கழிக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லில் சொன்னால், ஒப்பந்தக் கூலி. இடையில் ஒரு ஜோடி காளைகளை விலையாகப் பெற்றுக்கொண்டு அவரை இன்னொருவரிடம் மாற்றிவிட்டார்கள். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். “மாட்டுக்கு மனிதனா சார்?” என்று யாராவது கேட்பார்கள். ஒப்பந்தக் கூலியின் தவணை முடிந்தால் அவர் சுதந்திரமானவர் என்பதையும், அதே காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கு அத்தகைய தவணை எதுவும் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

தவணை முடிந்தபின் லயன் வடக்கே, மலையும் காடுமாக இருந்த வெர்மான்ட் பகுதியில் குடியேறினார். அங்கே காட்டை வெட்டி நிலமாக்கிய உழவர்களுக்கும், அந்த நிலம் தங்களுடையது என்று பத்திரம் காட்டிய நியூயார்க் நிலக்கிழார்களுக்கும் ஓயாத வழக்கு. உழவர்கள் ஈதன் ஆலன் தலைமையில் ‘பச்சைமலை இளைஞர்கள்’ என்ற படையாகத் திரண்டார்கள். லயனும் அதில் சேர்ந்தார். 1775-இல் டைகாண்டரோகா கோட்டையைக் கைப்பற்றியது இந்தப் படைதான்.

1777-இல் வெர்மான்ட் தனிக் குடியரசாகித் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. அதில் வயதுவந்தோரை அடிமைப்படுத்துவது தடைசெய்யப்பட்டது. சொத்து இல்லாத ஆண்களுக்கும் வாக்குரிமை தரப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. 1791-இல் வெர்மான்ட் அமெரிக்க ஒன்றியத்தின் 14-ஆவது மாநிலமானது.

1783-இல் ஃபேர் ஹேவன் என்னும் ஊரை லயன் முன்னின்று உருவாக்கினார். மர அறுவை ஆலை, மாவு ஆலை, இரும்புப் பட்டறை, காகித ஆலை என ஒவ்வொன்றாக நிறுவினார். கந்தல் துணி கிடைக்காத அந்த மலைப் பகுதியில் மரப்பட்டையிலிருந்தே காகிதம் செய்தார். அச்சகம் வைத்து, 1793-இல் ‘உழவர் நூலகம்’ என்ற பொருள்தரும் பெயரில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். காகிதத்தையும் செய்து, செய்தித்தாளையும் அச்சிட்ட ஒருவர் பின்னர் எழுத்துக்காகவே சிறை சென்றார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

பல ஆண்டுகள் மாநில அவையில் இருந்தபின், சில முறை தோற்று, 1797-இல் தேசியப் பிரதிநிதிகள் அவைக்குச் சென்றார். அப்போது தலைநகரம் பிலடெல்பியா. அவையின் பதிலுரையைக் குடியரசுத் தலைவரிடம் வழங்க உறுப்பினர்கள் எல்லோரும் ஊர்வலமாகச் செல்வது அன்றைய வழக்கம். தனக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று அவையிலேயே கேட்டவர் லயன். அது மன்னராட்சியின் மிச்சம் என்பது அவர் எண்ணம். படித்த, வசதியான குடும்பங்களிலிருந்து வந்திருந்த உறுப்பினர்களுக்கு அவரைப் பார்த்தாலே இளக்காரம். அவருடைய அயர்லாந்துப் பிறப்பு, கூலி வாழ்க்கை, சிங்கத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும் பெயர் எல்லாவற்றையும் எதிர்த்தரப்புச் செய்தித்தாள்கள் கேலி செய்தன.

எச்சில் துப்பியவரை எப்படிக் கற்பிப்பது?

லயனை மாசற்ற வீரராக நிறுத்தக்கூடாது. 1798 ஜனவரி 30 அன்று அவையில் வாக்கு எண்ணிக்கைக்கான இடைவேளை. கனெக்டிகட் உறுப்பினர்கள் தம் மக்களின் விருப்பத்துக்கு மாறாக நடக்கிறார்கள் என்றும், தான் அங்கே ஆறு மாதம் செய்தித்தாள் நடத்தினால் அவர்கள் பதவி பறிபோகும் என்றும் லயன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாநில உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட், “மர வாளோடு வருவீரா?” என்ற பொருளில் கேட்டார். விடுதலைப் போரின்போது, 1776-இல், காவல் நிலையிலிருந்து வீரர்கள் விலகியதற்காக லயன் பதவி நீக்கப்பட்டிருந்தார். அவமானச் சின்னமாக அவருக்கு மர வாள் தரப்பட்டது என்பது எதிரிகள் பரப்பிய கதை. லயன் கிரிஸ்வோல்டின் முகத்தில் எச்சிலை உமிழ்ந்தார்.

அவரை அவையிலிருந்து நீக்கத் தீர்மானம் வந்தது. ஆதரவு 52, எதிர்ப்பு 44. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தீர்மானம் தோற்றது. பிப்ரவரி 15 அன்று கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து, இருக்கையில் இருந்த லயனை அடித்தார். லயன் கணப்பு அடுப்பின் இடுக்கியை எடுத்துத் திருப்பி அடித்தார். இருவரும் தரையில் உருண்டார்கள்.

மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கேட்கிறேன்: “எச்சில் துப்பியது கருத்துரிமையில் சேருமா?” சேராது என்று எல்லோருமே சொல்வார்கள். “துப்பியவர் பிறகு ஒரு கடிதம் எழுதினால், அது சேருமா?” இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். மோசமாக நடந்துகொண்டவருக்குப் பேச உரிமை எதற்கு என்று ஒரு பக்கம் கேட்கும். அந்த விவாதத்தை முடிக்காமலே முதல் பாடவேளையை நிறைவு செய்கிறேன். நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டுமே உரிமை என்றால் அது உரிமையே இல்லை என்ற முடிவுக்குப் பிள்ளைகள் மறுநாள் தாமே வந்து சேரவேண்டும்.

இரண்டாம் பாடவேளை: தகவலா, கருத்தா?

1791-இல் நடைமுறைக்கு வந்த முதலாவது திருத்தம், பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக்கூடாது என்று சொல்கிறது. ஏழே ஆண்டுகளில், 1798 ஜூலை 14 அன்று, குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பிரான்சோடு போர் மூளும் நிலை இருந்தது. அந்த அச்சத்தைக் காரணம் காட்டி ஆளும் பெடரலிஸ்ட் கட்சி கொண்டுவந்த அரச நிந்தனைச் சட்டம் அது. அரசையோ காங்கிரசையோ குடியரசுத் தலைவரையோ இழிவுபடுத்தும் நோக்கில் பொய்யாக எழுதினால் இரண்டாண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம்.

இந்தச் சட்டத்தின் இரண்டு கூறுகளை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். ஒன்று, பாதுகாக்கப்பட்டோர் பட்டியலில் துணைக் குடியரசுத் தலைவர் இல்லை. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவரான தாமஸ் ஜெபர்சன். இரண்டு, சட்டம் 1801 மார்ச் 3 அன்று தானாகக் காலாவதியாகும். ஆடம்ஸின் பதவிக்காலம் முடிவதும் அப்போதுதான். சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆவணத்தை இப்படித் துருவிப் படிக்கும் பழக்கம் வரலாற்றுப் பாடத்தின் முக்கியமான கற்றல் விளைவு.

லயன் ஜூன் மாதத்தில் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆடம்ஸ் ஆட்சியில் பொதுநலம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, ஆடம்பரமும் முகஸ்துதியும் தன்னலமும் முன்னுக்கு வந்துவிட்டன என்பது அதன் சாரம். கடிதம் எழுதப்பட்டபோது சட்டமே இல்லை. ஆனால் அது அச்சில் வந்தது ஜூலை இறுதியில். அக்டோபரில் ரட்லண்ட் நகரில் வழக்கு நடந்தது. அந்தக் கடிதத்தோடு, பிரான்சிலிருந்து ஜோயல் பார்லோ என்ற கவிஞர் ஆடம்ஸை வன்மையாகத் தாக்கி எழுதிய கடிதத்தைப் பரப்பியதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது.

லயன் தனக்காகத் தானே வாதாடினார். சட்டமே அரசியலமைப்புக்கு எதிரானது என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பேட்டர்சன், சட்டம் செல்லுமா என்பது நடுவர் குழுவின் வேலையல்ல என்று அந்த வாதத்தை ஒதுக்கினார். எழுதியது உண்மை என்று மெய்ப்பித்தால் விடுதலை பெறலாம் என்று சட்டத்திலேயே வழி இருந்தது. எனவே லயன் நீதிபதியையே கேட்டார்: “நீங்கள் குடியரசுத் தலைவரோடு விருந்துண்டதில்லையா? அங்கே ஆடம்பரத்தைப் பார்த்ததில்லையா?” விருந்துண்டதுண்டு, எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் நீதிபதி. நடுவர் குழு குற்றவாளி என்றது. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம்.

இந்தக் கேள்வி பதில்தான் இரண்டாம் பாடவேளையின் மையம். ஒருவர் ஆடம்பரமாக வாழ்கிறாரா, எளிமையாக வாழ்கிறாரா என்பதை நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது? அது தகவல் அல்லவே, கருத்து. உண்மையை மெய்ப்பிக்கலாம் என்ற வாய்ப்பு கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் கருத்துக்குச் சான்று கேட்டால் எவராலும் தரமுடியாது.

இதற்கு நான் செய்யும் செயல்பாடு மிக எளிது. பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி இருபது வாக்கியங்கள் எழுதி வைத்திருக்கிறேன். “நூலகம் புதன்கிழமை திறக்கவில்லை.” “நூலகத்தை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை.” “தெருவிளக்கு மூன்று நாளாக எரியவில்லை.” “எங்கள் தெரு என்றாலே எல்லோருக்கும் இளக்காரம்.” நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, தகவல், கருத்து, இரண்டும் கலந்தது என மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். மெல்லக் கற்கும் மாணவர்களும் இதில் தயங்காமல் கலந்துகொள்கிறார்கள். மூன்றாவது குவியலில்தான் சண்டை வரும். அந்தச் சண்டைக்கு நேரம் கொடுங்கள். ‘கவனிப்பதில்லை’ என்பதை எப்படித் தகவலாக மாற்றி எழுதுவது என்று ஒரு குழு யோசிக்கத் தொடங்கினால் பாடம் வெற்றி.

மூன்றாம் பாடவேளை: உடைப்பதா, வாக்களிப்பதா?

லயனை ஊருக்கு அருகிலிருந்த சிறையில் வைக்கவில்லை. வடக்கே தொலைவிலிருந்த வெர்ஜென்ஸ் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 16 அடிக்கு 12 அடி அறை, திருட்டு வழக்குக் கைதிகளுக்கானது. கண்ணாடி இல்லாத சிறிய சன்னல். வெர்மான்டில் அக்டோபர் மாதமே குளிர் கடுமையாகிவிடும். தம் பிரதிநிதியை இப்படி அடைத்த செய்தி பரவியதும் உழவர்கள் கொதித்தார்கள். சிறையை இடித்து அவரை மீட்கப் பழைய பச்சைமலை இளைஞர்கள் தயாரானார்கள். ஆயுதம் ஏந்தி ஒரு பேரரசை எதிர்த்த அனுபவம் உள்ளவர்கள் அவர்கள்.

இங்கே நிறுத்தி வகுப்பை மூன்று குழுவாகப் பிரிக்கிறேன். சிறைக்கு வெளியே திரண்ட உழவர்கள் ஒரு குழு, சிறைக் காவலர்கள் ஒரு குழு, உள்ளே லயனும் அவர் குடும்பத்தாரும் ஒரு குழு. “இப்போது என்ன செய்வீர்கள்?” என்று பத்து நிமிடம் பேசவிடுகிறேன். பெரும்பாலும் சிறை உடைந்துவிடும். அதன்பிறகுதான் உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன்.

லயன் அவர்களைத் தடுத்தார். வன்முறை வேண்டாம், வாக்குச்சீட்டு இருக்கிறது என்றார். செப்டம்பர் தேர்தலில் எவருக்கும் பாதிக்குமேல் வாக்கு கிடைக்காததால், டிசம்பரில் மறுதேர்தல் வரவிருந்தது. லயன் சிறையிலிருந்தே கடிதங்கள் எழுதினார். அவருக்கு மன்னிப்பு வழங்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவை ஒரு பாதிரியார் ஆடம்ஸிடம் கொண்டுபோனார். குற்றவாளி மனம் வருந்தினால்தான் மன்னிப்பு என்று அது மறுக்கப்பட்டது. வருந்துவதற்கு எதுவும் இல்லை என்று லயன் தாமாக மனுச் செய்யவில்லை. டிசம்பர் தேர்தலில், எதிர்த்து நின்றவரைப்போல ஏறக்குறைய இருமடங்கு வாக்குகள் பெற்றுச் சிறையிலிருந்தபடியே வென்றார்.

அபராதத்தை மக்கள் திரட்டினார்கள். பென்னிங்டன் நகரப் பத்திரிகையாசிரியர் ஆண்டனி ஹாஸ்வெல், அதற்காக நடத்தப்பட்ட குலுக்கல் சீட்டு விளம்பரத்தை வெளியிட்டார். அதற்காக அவருக்கும் இரண்டு மாதச் சிறையும் 200 டாலர் அபராதமும் கிடைத்தன. 1799 பிப்ரவரி 9 அன்று லயன் விடுதலையானார். மீண்டும் கைதுசெய்ய ஆட்கள் காத்திருக்கலாம் என்பதால், காங்கிரஸ் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று வாசலிலேயே அறிவித்தார். கூட்டத்துக்குச் செல்லும் உறுப்பினரை அரசியலமைப்பு கைதிலிருந்து காத்தது. அவையில் அவரை நீக்க மறுபடியும் தீர்மானம் வந்தது. ஆதரவு 49, எதிர்ப்பு 45. இம்முறையும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் தலா 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றுச் சமநிலை ஆனது. முடிவு பிரதிநிதிகள் அவையிடம் வந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. வெர்மான்டின் இரு உறுப்பினர்கள் எதிரெதிர்க் கட்சியினர் என்பதால் 35 சுற்றுவரை அம்மாநில வாக்கு யாருக்கும் சேரவில்லை. 1801 பிப்ரவரி 17 அன்று 36-ஆவது சுற்றில் மற்றவர் விலகி நின்றார். லயன் அளித்த வாக்கு வெர்மான்டின் வாக்கானது. ஜெபர்சன் வென்றார். அடுத்த மாதம் அரச நிந்தனைச் சட்டம் காலாவதியானது. அதன்கீழ் தண்டிக்கப்பட்டோருக்கு ஜெபர்சன் மன்னிப்பு வழங்கினார்.

லயன் பின்னர் கென்டக்கியில் குடியேறி, அங்கிருந்தும் 1803 முதல் 1811 வரை காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். முதுமையில் கடனாளியானார். ஆர்கன்சா பகுதியில் செரோக்கி மக்களுக்கான அரசு வணிக நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயும் தேர்தலில் நின்று தோற்று, 1822-இல் இறந்தார். 1840-இல் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் அவருடைய அபராதத்தை வட்டியோடு அவர் வாரிசுகளுக்குத் திருப்பித் தந்தது. 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்திரிகை உரிமை பற்றிய ஒரு புகழ்பெற்ற தீர்ப்பில், 1798-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பதே வரலாற்றின் தீர்ப்பு என்ற கருத்தை எடுத்துரைத்தபோது, அபராதம் திருப்பித் தரப்பட்டதையும் குறிப்பிட்டது.

நம் பாடநூலோடு இணைத்தல்

லயனைத் தண்டித்த சட்டமும், நம் நாட்டில் 1870-இல் ஆங்கிலேயர் சேர்த்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவும் இங்கிலாந்தின் பழைய அரச நிந்தனைச் சட்ட மரபில் பிறந்தவை. அந்தப் பிரிவின்கீழ்தான் 1908-இல் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. செக்கிழுத்த வரலாறு பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு ஒப்பீட்டு அட்டவணை போடச் சொல்லலாம். ஒரு வரிசையை மட்டும் தவறாமல் சேர்க்கச் சொல்லுங்கள்: “இவருக்காக வாக்களிக்க மக்களுக்கு வழி இருந்ததா?” வெர்மான்ட் உழவர்களுக்கு இருந்தது. அன்றைய தூத்துக்குடி மக்களுக்கு இல்லை. வாக்குரிமையின் மதிப்பை வேறு எந்த விளக்கத்தாலும் இவ்வளவு எளிதாகப் புரியவைக்க முடிந்ததில்லை.

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு கருத்துரிமை தருவதையும், 19(2) நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிப்பதையும் சேர்த்தே கற்பிக்கவேண்டும். இன்றைய கட்சிகள், தலைவர்கள் பெயரை வகுப்பு விவாதத்துக்குள் கொண்டுவருவதை நான் தவிர்க்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்பதால்தான் பிள்ளைகள் பக்கம் சேராமல் சிந்திக்கிறார்கள்.

மதிப்பீட்டுக்குத் தேர்வுத்தாளைவிட நல்ல இடம் நம் பள்ளிகளில் இருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டி. பாடம் முடிந்த வாரத்தில் பெட்டியைத் திறந்தபோது, வழக்கமாக வரும் “கழிப்பறை சரியில்லை” என்ற சீட்டுக்குப் பதிலாக வேறு மாதிரி ஒன்று இருந்தது. எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குமேல் மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஐந்து நாள் கணக்கு. கீழே தனியாக ஒரு வரி: “இது எங்கள் கருத்து: பெண் பிள்ளைகளின் சிரமம் கடைசியாகத்தான் கவனிக்கப்படுகிறது.” தகவலுக்கு உடனே குழாய்ப் பணியாளரை அழைக்க முடிந்தது. கீழிருந்த வரி ஆசிரியர் கூட்டத்தில் படிக்கப்பட்டபோது சிலருக்கு வருத்தமாக இருந்தது. எழுதியது யார் என்று கண்டுபிடிக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. யார் என்று தேடவேண்டாம், எழுதியதற்குப் பதில் சொல்வோம் என்று பேசி முடிவெடுத்தோம்.

இந்தப் பாடம் மாணவர்களுக்கு மட்டுமானது அல்ல என்பதை அந்தக் கூட்டம் எனக்கு உணர்த்தியது. தகவலையும் கருத்தையும் பிரித்து, தன் பெயரால் வரும் விளைவுக்கு அஞ்சாமல் ஒரு பிள்ளை எழுதவேண்டுமானால், படிக்கும் இடத்தில் இருக்கும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை அது கவனித்துக்கொண்டிருக்கும். இந்தக் கல்வியாண்டில் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்தை முடிக்கும்போது மூன்று பாடவேளைகளை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். உங்கள் பள்ளியின் பெட்டியில் என்ன சீட்டு விழுகிறது, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.